ஏழாம் எண் கோடு

கிளையில் வந்து உட்கார வேண்டிய பறவை கிளைக்குள் முழங்கால்வரை முழுகி எழுந்ததைப் பார்த்து முதலில் சிரித்தவள் பூதக்கண்ணாடிதான். பக்கத்து நாற்காலிக்காரர் தன் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவளைப் போலவே அவருக்கும் அலுவலகத்தில் ஒரு பட்டப்பெயர், முணுமுணு. எந்த வேலையைக் கொடுத்தாலும் அரை மணி நேரம் தனக்குள் புலம்பிவிட்டுத்தான் தொடுவார். தொட்டுவிட்டால் சுத்தமாக முடிப்பார்.

"பாரு தாயே, நீ எழுதின கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் பண்ணின அழகை. உக்காருன்னா முங்கிக் குளிக்குது."

"பறவைக்கும் புழுக்கம் தாங்கல போல," என்றாள் அவள். இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள். பறவை இறங்கியது, கால்கள் மரத்துக்குள் போயின, வெளியே வந்தன, பிறகு ஒன்றுமே நடக்காத பாவனையில் அது கிளைமேல் நின்றது. எல்லாம் கால் வினாடிக்குள். மூன்றாவது முறை ஓட்டியபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. ஏன் இப்படி வருது?"

"எழுதினது நீ, கேக்குறது என்னையா? நான் பறவை போற வழிக்கு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு புள்ளி வெச்சிருந்தேன். உன் ஸ்கிரிப்ட் நடுவுல இருந்ததையெல்லாம் தூக்கிட்டு, ரெண்டு முனைய மட்டும் விட்டுட்டு, கோட்டை வழவழன்னு இழுத்துடுச்சு. வேகமா வர்ற கோடு டக்குனு நிக்குமா? கொஞ்சம் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வருது. பஸ்ல பிரேக் போட்டா நாம முன்னால போய் விழறதில்லையா, அந்த மாதிரி." அவர் கொட்டாவி விட்டார். "ரெண்டு புள்ளிய இழுத்து வெச்சாச் சரியாயிடும். இதனால யாரு செத்துடப் போறாங்க?"

அவர் சும்மா சொன்ன வார்த்தைதான். ஆனால் பூதக்கண்ணாடி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பது. பதினொன்றுக்கு அவளுடைய தங்கை, இதே ஸ்கிரிப்ட் தொட்ட இன்னொரு கோட்டுக்கு எதிரே முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கப் போகிறாள்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுவதுதான் நியாயம். தனித்தனியாக எடுத்த படத் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, எல்லாம் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் நடந்ததாக நம்பவைப்பது அவள் தொழில். திரையில் எது நகர்ந்தாலும் அதற்குக் கணினியில் ஒரு வளைகோடு இருக்கும். எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்று புள்ளி புள்ளியாகச் சொல்லும் கோடு அது. மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், இவள் கோட்டைப் பார்ப்பாள். ஒரு புள்ளி இம்மியளவு விலகியிருந்தாலும் சாப்பாடு இறங்காது. அடுத்தவர் வேலையில் நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக் குறை கண்டுபிடித்து, அதைப் பத்துப் பேர் முன்னால் சொல்லவும் செய்வாள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். வைத்தவர்கள் அன்பாக வைக்கவில்லை, அவளோ அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டாள்.

கோடுகளில் இருக்கும் சின்னச் சின்ன நடுக்கங்களைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தால் ஆயுசு போய்விடும் என்று, அந்த வேலையைக் கணினியே செய்யும்படி அவளே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். இருபத்தெட்டு வரி. தேர்ந்தெடுத்த பகுதியில் தேவையற்ற புள்ளிகளை அழித்துவிட்டு மிச்சத்தை வழுவழுப்பாக இணைக்கும். நாலு மாதமாக அலுவலகமே அதைப் பயன்படுத்தியது. மேகம், புகை, தூரத்துக் கப்பல் எல்லாம் அதன் கையில் நன்றாகவே நகர்ந்தன. அவை எதுவும் வேகமாக வந்து சட்டென்று நிற்கிறவை அல்ல.

இப்போது எடுக்கும் படத்தில் ஒரு காட்சி. நீண்ட நடைக்கூடத்தின் மறுகோடியிலிருந்து கேமரா பாய்ந்து வந்து ஒரு பெண்ணின் கண்ணுக்கு அரைச் சாண் தூரத்தில் நிற்க வேண்டும். அந்தக் கண்ணுக்குள் ஒரு நகரம் தெரியும். இதற்குப் பெண்ணை வைத்து ஒரு முறையும், வெறும் கூடத்தை மட்டும் ஒரு முறையும் எடுக்க வேண்டும். இரண்டிலும் கேமரா மயிரிழை பிசகாமல் ஒரே பாதையில் வந்தால்தான் பிறகு ஒட்ட முடியும். மனிதக் கையால் ஆகிற காரியமில்லை. அதனால் எட்டு மீட்டர் தண்டவாளத்தில் ஓடும் இரும்புக் கை ஒன்றை வாடகைக்கு வரவழைத்தார்கள். அந்தக் கைக்குப் பாதை சொல்லும் கோட்டைப் பூதக்கண்ணாடி தன் கணினியில் போட்டாள். அந்தக் கண்ணுக்குத் தன் தங்கையைச் சொன்னவளும் அவள்தான்.

தங்கை ஆறு வயது இளையவள், மேடை நாடகங்களில் நடிப்பவள், வீட்டில் பெயர் வாலு. இரண்டு வாரமாக இமைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள். காலையில் தட்டின் முன்னால் உட்கார்ந்து அம்மாவையே முறைத்துக்கொண்டிருப்பாள். "பேய் புடிச்ச மாதிரி பாக்காதடி, சாப்பிட்டுத் தொலை," என்று அம்மா கரண்டியை ஓங்குவாள். இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் அந்த வீட்டில் இந்தக் காட்சி தயாரானது.

இரும்புக் கையை ஓட்டுபவரைக் கைக்காரர் என்பார்கள். பேச்சுக் குறைவு, ஒழுங்கு அதிகம். முந்தின நாள் தங்கை நிற்க வேண்டிய இடத்தில் பஞ்சுத் தலை ஒன்றை நிறுத்தி, ஏழாம் எண் கோட்டை மூன்று முறை ஆமை வேகத்தில் ஓட்டிப் பார்த்தார். கண்ணாடி வில்லை அரைச் சாணில் வந்து நின்றது. "ஏழு சரி. இனிமே இதை யாரும் தொடக் கூடாது. தொட்டா புது நம்பர் போடணும். புது நம்பர் வந்தா மறுபடி பஞ்சுத் தலைதான், மறுபடி மூணு தடவைதான். இயக்குநரே வந்து காலைப் புடிச்சாலும் இதுல மாற்றமில்ல," என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டியவள் பூதக்கண்ணாடி. "கோட்டுல ஒரு சுருக்கம் கிடையாது, என் பொறுப்பு," என்று மார்தட்டவும் செய்தாள்.

அவள் அதோடு வீட்டுக்குப் போய்ப் பேசாமல் இருந்திருக்கலாம். காலை எட்டரைக்கு அலுவலகம் வந்தவள், ஆசைக்கு ஒரு முறை அந்தக் கோட்டைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். கடைசிப் பகுதியில், கேமரா வேகம் குறைந்து நிற்கிற இடத்தில், ஒரு நடுக்கம். கடவுளே வந்து பார்த்தாலும் தெரியாத நடுக்கம். அவளுக்குத் தெரிந்துவிட்டது. புது எண் போட்டால் கைக்காரர் ஏன் என்பார், இயக்குநர் "சுருக்கமே இல்லன்னீங்களே?" என்பார், ஒரு மணி நேரம் போகும், அறையே திரும்பிப் பார்க்கும். பூதக்கண்ணாடி போட்ட கோட்டில் குறையா என்று நாலு பேர் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியாது. அந்த இருபது புள்ளிகளையும் தேர்ந்தெடுத்தாள், ஸ்கிரிப்டை ஓட்டினாள், ஏழு என்ற அதே பெயரிலேயே சேமித்தாள்.

சேமிக்கும்முன் பார்க்காமல் இல்லை. எட்டு மீட்டர் பாதையும் உள்ளங்கை அகலச் சன்னலில் அடங்கித் தெரிந்தது. கோடு பளிங்காக இருந்தது. ஊரார் கோட்டையெல்லாம் நூறு மடங்கு பெரிதாக்குகிறவள், தான் திருத்திய கோட்டை ஒரு மடங்குகூடப் பெரிதாக்கவில்லை.

இப்போது பெரிதாக்கினாள். கோடு மேலே ஏறி வந்தது, நிற்க வேண்டிய உயரத்தைத் தொட்டது, நிற்காமல் தாண்டியது, ஒரு சின்னத் திமிலாக வளைந்து திரும்பி வந்து அடங்கியது. அந்தத் திமிலின் உச்சியில் சுட்டியை வைத்து, எவ்வளவு தாண்டுகிறது என்ற எண்ணைப் படித்தாள். பதினேழு சென்டிமீட்டர். முகத்துக்கும் வில்லைக்கும் நடுவே விட்டிருந்த இடம் பன்னிரண்டு.

ஐந்து சென்டிமீட்டர் என்பது கண்ணுக்கு உள்ளே எவ்வளவு தூரம் என்று அவள் மனம் தானாகவே அளந்து பார்த்தது. வில்லையைச் சுற்றி எஃகு வளையம் வேறு இருக்கிறது. பூதக்கண்ணாடி நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் அவள் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எழுந்து கத்தியிருக்க வேண்டும். அவள் கத்தவில்லை. பழக்கம் என்பது பயத்தைவிடக் கெட்டது. முந்தின நாளின் நல்ல கோடு மாற்று நகலாக இருக்கிறதா என்று தேடினாள். பதைபதைப்பில் இரண்டு முறை தவறான கோப்புறைக்குள் போனாள். கடைசியில் கிடைத்தது. அதை எடுத்து, ஏழு என்ற பெயரிலேயே பழையபடி மேலே பதித்தாள். காலையில் ஓசைப்படாமல் செய்த தப்பை ஓசைப்படாமலே துடைத்தாயிற்று, யாருக்கும் எதுவும் தெரியாது. "அப்பாடா," என்று மூச்சு விட்டாள்.

மூச்சு முழுசாக வெளியே வரவில்லை. கைக்காரர் வந்த முதல் நாள் சொன்னது காதில் விழுந்தது. "காலையில ஒரே ஒரு தடவை ஃபைலை உள்ள வாங்கிக்கும். அதுக்கப்புறம் என் மெஷின் வெளிய எட்டிப் பாக்காது. நடுவுல எவனாவது நோண்டி வெச்சா ஆளு காலியாயிடும்ல." இரும்புக் கை ஒன்பது மணிக்கே திமில் உள்ள கோட்டை விழுங்கிவிட்டது. இங்கே அவள் எதை மாற்றினாலும் அங்கே அது போய்ச் சேராது.

மணி பத்து ஐம்பத்து இரண்டு. பன்னிரண்டு நிமிடத்தை மறைப்பதிலேயே தின்றுவிட்டாள்.

தங்கையின் செல்பேசிக்கு அடித்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கைக்காரருடையது அணைந்திருந்தது. படப்பிடிப்புத் தளத்தில் எல்லாருடைய செல்பேசியையும் வாசலில் ஒரு பெட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த விதியை எழுதிய கூட்டத்திலும் அவள் இருந்தாள். தளத்தின் மேலாளருக்கு அடித்தாள், அதுவும் பெட்டிக்குள்தான் கிடந்திருக்கும்.

"எங்க கெளம்பிட்ட? முகமெல்லாம் வெளுத்துப்போயிருக்கு," என்றார் முணுமுணு.

சொல்லியிருக்கலாம். அவரிடம் இருசக்கர வண்டி இருந்தது, இரண்டே நிமிடத்தில் கொண்டுபோய் இறக்கியிருப்பார். ஆனால் உதவி கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? அவளுக்கு மடி நிறையக் கனம். "இதோ வந்துடறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள். பாதிப் படியில் இந்த முட்டாள்தனம் உறைத்தபோது, திரும்ப ஏற நேரமில்லை.

மின்தூக்கி கீழே நின்றிருந்தது. நான்கு மாடி. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவளுக்கு ஒரு பொய் தோன்றியது. சேமிப்பகம் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். ஸ்கிரிப்ட் தானாக ஓடிவிட்டது என்று சொல்லலாம். யாரோ தெரியாமல் தொட்டிருக்கிறார்கள் என்றும் சொல்லலாம். தங்கையின் கண் போகிறதா என்று ஓடுகிறவள், போகும் வழியில் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழி தேடிக்கொண்டிருந்தாள். அது தெரிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

தளம் அடுத்த தெருவில், பழைய கிடங்கு ஒன்றில். நடந்தால் ஏழு நிமிடம். தெருமுனையில் ஒரு வேனிலிருந்து மெத்தைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், நடைபாதை முழுக்க மெத்தை. "கொஞ்சம் பொறும்மா, தலை தெறிக்க எங்க ஓடுற?" என்று ஒருவர் சிரித்தார். அவள் மெத்தைமேலேயே மிதித்து ஏறித் தாண்டினாள். பின்னால் வசவு கேட்டது. செருப்பு வார் அறுந்தது, செருப்பை அங்கேயே விட்டாள். அப்போது கையில் செல்பேசி அதிர்ந்தது. தங்கை என்று நினைத்து எடுத்தாள்.

"என்னடி, அவளுக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்கிறா," என்றாள் அம்மா. "ஆரம்பிச்சுட்டாங்களா?"

"தெரியலம்மா."

"நீ கூட இல்லியா? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"மாடி ஏறுறேன். அப்புறம் பேசறேன்."

"அவளைக் கொஞ்சம் பாத்துக்கோ. என்னமோ காலையில இருந்து எனக்கு மனசே சரியில்ல."

அவள் வைத்துவிட்டாள். அழுதால் ஓட முடியாது என்று அழாமல் ஓடினாள்.

கிடங்கின் வாசலில் காவலாளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மரத்தூளைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கதவுக்கு மேலே இருக்கும் சிவப்பு விளக்கு எரியவில்லை. சிவப்பு எரிந்தால் உள்ளே படம் எடுக்கிறார்கள், கதவைத் திறக்கக் கூடாது என்று பொருள். எரியாத விளக்கைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலியாண்ணா?"

"ஒரு டேக் முடிஞ்சுதே மேடம். இன்னிக்குச் சீக்கிரமே தொடங்கிட்டாங்க."

வந்த உயிர் போயிற்று. "யாருக்காவது… அடி கிடி பட்டுச்சா?"

"அடியா? அதெல்லாம் இல்ல. அந்தப் பொண்ணு பயந்துபோய்த் தலையப் பின்னால இழுத்துடுச்சாம். உள்ள ஒரே சத்தம். ஒரு நாள் கூலிக்கு நூறு பேரு நிக்கிறோம், நீ என்னம்மா சின்னப் புள்ள மாதிரி நெளியறேன்னு இயக்குநர் கத்தினது இங்கவரைக்கும் கேட்டுச்சு. இப்ப என்னைத் தச்சு அறைக்கு அனுப்பி ஒரு கட்டை எடுத்துட்டு வரச் சொன்னாங்க, குடுத்துட்டு இப்பத்தான் வந்து உக்காந்தேன். தலைக்குப் பின்னால வெச்சு, நெத்தியோட சேத்துக் கட்டிட்டா அசைய முடியாதுல்ல?"

அவர் சொல்லி முடிக்கவும் சிவப்பு விளக்கு எரியவும் சரியாக இருந்தது.

பூதக்கண்ணாடி கதவுப் பிடியில் பாய்ந்தாள். "மேடம், கூடாது, என் வேலை போயிடும்!" என்று காவலாளி அவள் தோளைப் பிடித்தார். அவள் அவர் கையைக் கடித்தாள். பிறகு நினைத்தபோது அவளுக்கே நம்பிக்கை வரவில்லை, முப்பத்து நாலு வயதில் ஒரு மனிதரைக் கடித்திருக்கிறாள். கதவு கனமானது. இரண்டு கையாலும் இழுத்து, திறந்த இடுக்கில் உடம்பைத் திணித்து உள்ளே விழுந்தாள்.

உள்ளே இருட்டு. தூரத்தில் ஒரே ஒரு வெளிச்சம், அதில் தங்கையின் முகம். நெற்றியில் அகலமான கறுப்புப் பட்டை. அதன் இரு முனையும் பின்னாலிருந்த கட்டையோடு முடிச்சிடப்பட்டிருந்தன. கண்கள் விரியத் திறந்திருந்தன. யாரோ ஒருவர், "ரெண்டு… ஒண்ணு…" என்று எண்ணி முடித்தார். தண்டவாளத்தின் மறுகோடியில் இரும்புக் கை உறுமிப் புறப்பட்டது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

அது தன் குரல் என்றே அவளுக்குத் தெரியவில்லை. இரும்பு இரும்போடு உரசும் சத்தம் கிடங்கெங்கும் கிறீச்சிட்டது. கை தன் வேகத்திலேயே கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போய், தங்கையின் முகத்துக்கு நாலடி முன்னால் குலுங்கி நின்றது. தங்கை இமைத்தாள். பிறகு இமைத்துக்கொண்டே இருந்தாள்.

விளக்குகள் எரிந்தன. இயக்குநர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். "யாரு இவங்களை உள்ள விட்டது? மெஷினை நிறுத்தச் சொன்னது நானா, இவங்களா?"

"நிறுத்துன்னு எவன் சொன்னாலும் நிறுத்துவேன் சார். பூனை கத்தினாக்கூட நிறுத்துவேன்," என்றார் கைக்காரர். அவர் கை இன்னும் சிவப்புப் பொத்தான்மேல்தான் இருந்தது. பூதக்கண்ணாடியைப் பார்த்தார். "என்னம்மா?"

"கோடு… கோடு தப்பு. கடைசியில தாண்டிப் போயிட்டுத் திரும்பி வருது. பதினேழு சென்டிமீட்டர்."

"ஏழாம் நம்பர் ஃபைல்தானே? நேத்து நானே மூணு தடவை ஓட்டிப் பாத்தேன். அரைச் சாண்ல நின்னுச்சு. இன்னிக்கு முதல் டேக்லயும் கடைசி நிலை சரியா அரைச் சாண்தான் காட்டுச்சு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவர் குரல் இறங்கியது. "டேக் முடிஞ்சப்ப வில்லையில மை தீத்தின மாதிரி ஒரு கறை இருந்துச்சு. யாரோ கை வெச்சுட்டாங்கன்னு துடைச்சேன்."

தங்கையின் கண்களில் தீட்டியிருந்த மையை எல்லாரும் பார்த்தார்கள். இயக்குநர் கைக்காரர் பக்கம் திரும்பினார். "அப்ப ஃபைல் சரி, உங்க மெஷின்தான் தப்பு. அப்படித்தானே? ஆளைக் கொல்லுற மெஷினையா கொண்டுவந்து வெச்சிருக்கீங்க?"

கைக்காரர் தன் இயந்திரத்தைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார், வளர்த்த நாய் யாரையோ கடித்துவிட்டது என்று கேள்விப்பட்டவர் பார்க்கிற பார்வை. அந்த ஒரு நிமிடம் பூதக்கண்ணாடிக்கு எல்லா வாசலும் திறந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி தானாகவே போய் இன்னொருவர் தலையில் உட்கார்ந்துவிட்டது. மாடிப்படியில் தேடித் தேடி யோசித்த பொய்கள்கூடத் தேவையில்லை.

அவள் ஓரடி முன்னால் வந்தாள். "மெஷின் தப்பில்ல," என்றாள். "நேத்து நீங்க பாத்த ஃபைல் இல்ல அது. காலையில நான் மாத்தினேன். நம்பரை மாத்தாம, அதே பேர்ல வெச்சேன்."

"ஏம்மா?" என்றார் கைக்காரர். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"ஒரு சின்ன நடுக்கம் இருந்துச்சு. என் கோட்டுல. யாருக்கும் தெரிய வேணாம்னு…"

அலுவலகத்தில் அவள் பயந்துகொண்டிருந்த சிரிப்பு யாரிடமிருந்தும் வரவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கைக்காரர் எழுந்து வந்தார். தங்கையின் நெற்றிப் பட்டையைத் தானே அவிழ்த்தார். பஞ்சுத் தலையைக் கொண்டுவந்து அந்த இடத்தில், அதே கட்டையில் சாய்த்துக் கட்டினார். காலையில் உள்ளே வாங்கிய கோட்டையே ஆமை வேகத்தில் ஓட்டினார். இரும்புக் கை வந்தது. அரைச் சாணைத் தொட்டது, நிற்கவில்லை. எஃகு வளையம் பஞ்சுத் தலையின் வலது கண் இருக்க வேண்டிய இடத்தில் பட்டு, அழுத்தி, உள்ளே போயிற்று. கட்டை முறுமுறுத்தது. பிறகு கை மெல்லப் பின்வாங்கி, சொன்ன இடத்தில், சொன்னபடி, அரைச் சாணில் நின்றது. தலையில் ஒரு வட்டக் குழி மிஞ்சியது. யாரோ ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"இன்னிக்கு இவ்வளவுதான்," என்றார் இயக்குநர். முதல் டேக்கில் கத்தியவர் இப்போது தங்கையின் பக்கம் பார்க்கவே இல்லை.

பூதக்கண்ணாடி தங்கையிடம் போனாள். ஒரு கால் வெறுங்காலாக இருந்ததில் விந்தி விந்தித்தான் நடக்க முடிந்தது. தங்கை ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் மை கலைந்திருந்தது, நெற்றியில் பட்டையின் தடம் சிவந்து கிடந்தது. அக்கா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"பட்டுச்சாடி?"

"இமையில லேசா. தலையப் பின்னால இழுத்துட்டேன், இல்லேன்னா…"

"பட்டுச்சுன்னு தெரிஞ்சுதுல்ல? அப்புறம் எதுக்குடி மறுபடி போய் நின்ன? கட்டுறேன்னு சொன்னா முடியாதுன்னு கத்த வேண்டியதுதானே? ஊரையே கூட்டுற வாய் எங்கடி போச்சு?" பயம் விலகிய இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்ததில் அவள் தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அந்த ஆளு கத்தினா என்ன? கட்டச் சொன்னா உடனே கட்டிக்குவியா?"

தங்கை குனிந்துகொண்டாள்.

"அவர் சொல்லலக்கா. நான்தான் கட்டச் சொன்னேன்."

"நீயா?"

"பட்ட மாதிரிதான் இருந்துச்சு. ஆனா எல்லாரும் அரைச் சாண்ல நின்னுச்சு, அரைச் சாண்ல நின்னுச்சுன்னு சொன்னாங்க. எனக்குத்தான் பயத்துல அப்படித் தோணுதுன்னு நெனச்சேன்." தங்கை மூக்கை உறிஞ்சினாள். அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. "என்னைச் சொன்னது நீதானே. நான் நெளிஞ்சு டேக் போச்சுன்னா, உன் பேரு கெட்டுடும்ல?"

பூதக்கண்ணாடி கீழே, வெறும் தரையில், தங்கையின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். தங்கை அறைந்திருந்தால் தாங்கியிருப்பாள், இதைத் தாங்க முடியாமல் அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.